நசுக்கப்பட்ட பச்சைக் காரின் மீதிப் பிரீமியம்

பெருமதிப்பிற்குரிய புகார்ப் பிரிவு மேலாளர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

வணக்கம். தாங்களும், தங்கள் வீட்டாரும், தங்கள் அலுவலகத்தில் போனை எடுத்ததும் பாட்டுப் போட்டு எங்களைக் காக்க வைக்கும் பிள்ளைகளும் நல்ல சுகத்துடன் இருக்க விழைகிறேன். என் சுகத்தைத் தாங்கள் கேட்கப் போவதில்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் அக்காவின் பெயரில் தங்களிடம் இருந்த கார் காப்பீட்டை ரத்து செய்து, மீதி மாதங்களுக்கான பிரீமியத்தைத் திருப்பித் தருவதாகத் தங்கள் நிறுவனம் வாக்குக் கொடுத்தது. இன்றுவரை தரவில்லை. அந்தக் கார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று காரணம் சொல்கிறீர்கள். ஐயா, அந்தக் கார் ஓடவில்லை. அந்தக் காரே இல்லை. அதை ஓட்டிய என் அக்காவும் இல்லை. இவ்வளவோடு கடிதத்தை முடித்துக் கையெழுத்துப் போட்டிருப்பேன். இதையே போனில் தொண்டை வறளச் சொல்லியும் தங்கள் ஆட்களுக்கு ஏறவில்லை என்பதால் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்தருள்க.

நான் திரைச்சீலை தைப்பவள். வீட்டு ஜன்னலிலிருந்து நாடக மேடை வரை எதற்கு வேண்டுமானாலும் தைப்பேன். அக்கா ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறவர்கள் அவள் ஒரு பார்வை பார்த்ததும் கையை எடுத்துவிட்டு நேராக உட்காருவார்கள். எங்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்கத் தங்கள் படிவத்தில் இடமில்லை, அதுவரைக்கும் நல்லது. ஒரே வீட்டில் கீழ் அறையில் அவள், மாடியில் மெஷினும் துணியுமாக நான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒருமுறை கற்றுக்கொடுக்கிறேன் என்று கூட்டிக்கொண்டு போனாள், தெருமுனை தாண்டுவதற்குள் இரண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாமல் ஆகி, அவள் காரிலும் நான் நடந்தும் வீடு திரும்பினோம். அதற்குப் பிறகு அவள்தான் என்னை எல்லா இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போவாள். திரைக் கம்பிகள் முன் ஸீட்டின் மேல் நீட்டிப் படுத்திருக்கும், நான் பின்னால் துணி மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்திருப்பேன். வழி நெடுக ஏதாவது சொல்லிக்கொண்டே வருவாள். கார் குளத்துப் பாசி நிறம். அவள் அதை மரகதம் என்பாள். அதற்கும் சண்டை போட்டிருக்கிறோம்.

இந்தக் காரில்தான் தங்கள் நிறுவனம் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியை ஸ்டியரிங்குக்குக் கீழே பொருத்தியது. ஒழுங்காக ஓட்டினால் அடுத்த வருஷம் பிரீமியத்தில் தள்ளுபடி என்றீர்கள். அது முதல் மாதாமாதம் பள்ளிக்கூடத்திலிருந்து வருவது மாதிரி அவளுக்கு மதிப்பெண் வந்துகொண்டிருந்தது. "பிரேக்கைத் திடீரென அழுத்துகிறீர்கள்." "வளைவுகளில் நிதானம் தேவை." அவளுக்கு எப்போதும் பாஸ் மார்க்கை ஒட்டித்தான் வரும். வேலைக்குப் போகும் வழியில் அந்தப் பெட்டியோடு வாதாடிக்கொண்டே போவாள். "நாய் குறுக்க வந்துச்சு, பிரேக் போடாம கும்பிடு போடவா?" என்று அவள் கேட்டது தங்கள் பெட்டிக்குள் எங்காவது பதிவாகியிருக்கலாம்.

அக்கா மழைக்காலம் தொடங்கும்போது இறந்துபோனாள். காரில் இல்லை, ஆஸ்பத்திரியில். இருதயம். உள்ளே கொண்டுபோகும்போதுகூட என்னைப் பார்த்து, "வீட்டுக்கு எப்படிப் போவே? பஸ் மாறத் தெரியுமா உனக்கு?" என்றுதான் கேட்டாள். தெரியும் என்றேன். தெரியாது. அன்றைக்கு இரண்டு தடவை தப்பான பஸ்ஸில் ஏறினேன், அது இந்தக் கடிதத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம். காரை வாங்க ஆள் வரவில்லை. பழைய வண்டி, அடிப்பக்கம் துரு. ஆகவே பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தேன். அவர் முற்றத்தில் நின்று கடைசிவரை பார்த்தேன் ஐயா. இயந்திரம் மேலிருந்து ஒரு அழுத்து, பக்கவாட்டில் ஒரு அழுத்து. மடித்து வைத்த போர்வை மாதிரி ஆகிவிட்டது. வண்டி அழிக்கப்பட்டது என்று அவர் சீல் வைத்துக் கொடுத்த சான்றிதழின் நகலைத் தங்களுக்கு ஏற்கெனவே அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததாகப் பதிலும் போட்டிருக்கிறீர்கள்.

அப்போது போனில் பேசிய பெண் பிள்ளையின் பெயர் எனக்குத் தெரியாது, நானாகத் தேன்குரல் என்று வைத்திருக்கிறேன். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. நீங்க கவலையே படாதீங்க. மீதிப் பணம் ரெண்டு வாரத்துல உங்க கணக்குக்கு வந்துடும்" என்று அவ்வளவு பரிவாகச் சொன்னாள். பணத்துக்காக எழுதவில்லை என்று நான் பெருமை பேச மாட்டேன், பணத்துக்காகத்தான் எழுதுகிறேன். தையல் மெஷின் மோட்டார் புகைகிறது, மாற்ற வேண்டும். ஆனால் அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. டெலிபோன்காரர்கள் அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். பல் டாக்டர் அவள் நாற்காலியில் வேறு ஆளை உட்காரவைத்துவிட்டார். தங்கள் நிறுவனம் மட்டும்தான் பாக்கி. எல்லாம் முடிந்தது என்று கடைசியாக ஒருத்தர் சொல்லிவிட்டால், எனக்கும் மாடியில் உட்கார்ந்து என் வேலையைப் பார்க்கத் தோதாக இருக்கும்.

வந்தது பணம் இல்லை. அக்கா பெயருக்கு ஒரு வாழ்த்து வந்தது. "அன்புள்ள வாடிக்கையாளரே! சென்ற மாதம் நீங்கள் நூற்றுக்கு நூறு பெற்றுள்ளீர்கள். உங்கள் நிதானமும் பொறுமையும் பிற ஓட்டுநர்களுக்கு முன்மாதிரி." உயிரோடு இருக்கும்போது முக்கி முக்கிப் பாஸ் பண்ணியவள், செத்த பிறகு வகுப்பிலேயே முதல் என்றால் நான் என்ன நினைப்பது, சொல்லுங்கள். உடனே போன் செய்தேன். பாட்டு. மறுபடி பாட்டு. பிறகு தேன்குரல்.

"அம்மா, வண்டி தினமும் ஓடுதேம்மா. எங்க சிஸ்டத்துல காட்டுது. ஓடுற வண்டிக்கு எப்படிம்மா ரத்து பண்றது?"

"வண்டியை நசுக்கியாச்சும்மா. என் கண்ணு முன்னால."

"அந்தச் சான்றிதழும் இங்க இருக்கும்மா. ஆனா இதோ, இப்பக்கூட சாவி போட்டு இஞ்சின் ஓடிக்கிட்டிருக்கு. நிக்குது, ஆனா ஓடுது."

"எங்க நிக்குது?"

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. "உங்க வீட்டு வாசல்லம்மா" என்றாள்.

போனோடு ஜன்னலுக்குப் போனேன். நானே தைத்த திரையை விலக்கிப் பார்த்தேன். தெருவில் கார் எதுவும் இல்லை. எதிர்வீட்டுச் சுவர், மின்கம்பம், மழை. வாசலுக்கு நேரே தரையில் ஒரு கார் அகலத்துக்கு மட்டும் ஈரம் கொஞ்சம் குறைவாக இருந்த மாதிரி பட்டது. கண்ணாடி போடாமல் பார்த்தேன், ஆகவே அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெட்டியை யாராவது உருவி எடுத்து வேறு வண்டியில் மாட்டியிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இரும்புக்காரரைக் கேட்கப் பஸ் பிடித்துப் போனேன். நல்ல மனிதர், ஆனால் காது மந்தம், இயந்திரச் சத்தத்திலேயே வாழ்க்கை போய்விட்டது. "பெட்டியா? எது இருந்துச்சோ அது உள்ளயேதான்மா இருக்கு. நான் ஒரு திருகாணியக்கூடக் கழட்டல" என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நசுக்கிய கார்களை மெத்தைக் கடை மாதிரி அடுக்கி வைத்திருந்தார். நம்முடையது அடியில், பாசி நிறத்தில். குடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஒரு கையை அதன் மேல் வைத்தேன். சூடாக இருந்தது. ஓடி முடித்து வந்து நிற்கிற காரின் முன்பக்கம் எப்படி இருக்குமோ அப்படி. இரும்புக்காரரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டார். "வெயில்ல காஞ்சிருக்கும்மா" என்றார். "ஐயா, மழை பேஞ்சுக்கிட்டிருக்கு" என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "இந்த வாரம் லோடு அனுப்பிடறேன்மா" என்று மட்டும் சொன்னார். அனுப்பியும்விட்டார். அது உருகி இப்போது எங்கேயாவது ஒரு பாலத்துக்குக் கம்பியாகப் போயிருக்கும். அதற்குப் பிறகும் தங்களிடமிருந்து நூற்றுக்கு நூறு வந்தது.

இதற்கிடையில்தான் தாங்கள் ஆய்வாளரை அனுப்பினீர்கள். நேரில் வந்து விசாரிக்க ஆள் அனுப்பியதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். பருமனான, மரியாதை தெரிந்த பிள்ளை. மாடிப்படி ஏறி வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு, "அம்மா, இது மோசடியான்னு பாக்கச் சொல்லி அனுப்பியிருக்காங்க, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றது. நினைக்கவில்லை, டீ போட்டுக் கொடுத்தேன். கையில் இருந்த பலகை மாதிரி பெரிய போனில் ஊர் வரைபடத்தைத் திறந்து காட்டியது. தெருத் தெருவாக நீலக் கோடு. "இதெல்லாம் உங்க அக்கா வழக்கமா போற இடங்களாம்மா?" என்று கேட்டது. பார்த்தேன். பல் டாக்டர் தெருப் பக்கமே கோடு போகவில்லை. போயிருந்தது நூல் கடைக்கு. பிறகு மேடைத் திரைக்கு அளவெடுக்க நான் போன அரங்கத்துக்கு. வளைந்த ஜன்னல் வைத்த ஒரு தாத்தா வீட்டுக்கு. அவரிடம் பேரம் படியாமல் பாதியில் எழுந்து வந்தேன், கோடும் அவ்வளவு நேரம்தான் அங்கே நின்றிருந்தது. இரும்புக்காரர் முற்றத்துக்கும் ஒரு கோடு.

"தம்பி, இது அவ போற இடம் இல்ல" என்றேன். "இதெல்லாம் நான் போன இடம். பஸ்ல போனேன். மிச்சம் நடந்து."

அந்தப் பிள்ளை முகம் பிரகாசமாகிவிட்டது. வழக்கு முடிந்தது என்று நினைத்திருக்கும், பாவம். "அப்ப அந்தப் பெட்டி உங்க பையிலதான்மா இருக்கு!" நியாயமான சந்தேகம்தான். பையைக் கவிழ்த்தேன். அளவு நாடா, சாக்குக்கட்டி, பொத்தான், இருமல் மிட்டாய், அக்காவின் மூக்குக் கண்ணாடி. பெட்டி இல்லை. சரி, சோதித்தே பார்த்துவிடலாம் என்று பையை மாடியிலேயே வைத்துவிட்டு நானும் அந்தப் பிள்ளையும் கீழே இறங்கினோம். ரெண்டு நாளாக மழை இல்லாத பட்டப்பகல். தெரு காலி. நான் முன்னால் நடந்தேன், அந்தப் பிள்ளை பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டே வந்தது. "வருதும்மா" என்றது. "பின்னால வருது." திரும்பிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. "அம்மா, கொஞ்சம் வேகமா நடங்க." நடந்தேன். "அதுவும் வேகமா வருது." சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னது. போனேன். அந்தப் பிள்ளை இந்தப் பக்கமே நின்றது. வரைபடத்தில் காரைக் காட்டும் புள்ளி அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு என் பின்னாலேயே வந்ததாம். "சட்டுன்னு நில்லுங்கம்மா!" என்று அங்கிருந்து கத்தியது. நின்றேன். எனக்குப் பின்னால், ரொம்பப் பக்கத்தில், சாலையில் கிடந்த காய்ந்த சருகு ஒன்று மெதுவாக நொறுங்கும் சத்தம் கேட்டது. காற்று இல்லை ஐயா. அந்தப் பிள்ளை போனையே பார்த்துக்கொண்டு நின்றது. திரும்பக் கடந்து போய் என்ன என்று கேட்டேன். போன் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டியது. பச்சையில் ஒரு குறி போட்டு எழுதியிருந்தது: "மென்மையான பிரேக். பாராட்டுகள்!"

டீ ஆறிப்போய் மாடியிலேயே இருக்கிறது, குடித்துவிட்டுப் போ தம்பி என்றேன். இல்லைம்மா, அவசரமாக இன்னொரு இடம் போகணும் என்று சொல்லிவிட்டுச் சுவரை உரசிக்கொண்டே நடந்து போனது. தெரு நடுவில் காலே வைக்கவில்லை. "ஆய்வு முழுமை பெறவில்லை" என்று அறிக்கை கொடுத்திருப்பதாகத் தேன்குரல் சொன்னாள். இதைவிட முழுமையாக என்ன வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

எனக்குப் பயமில்லையா என்று தாங்கள் கேட்கலாம். பயம்தான். ரெண்டு நாள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. ஆனா வேலை இருக்கே சார், உட்கார்ந்தா ஆகுமா? அரங்கத்துக்காரங்க போன் மேல போன் போடறாங்க. மூணாம் நாள் மேடைத் திரையை மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பினேன். சிவப்பு வெல்வெட், கனம்னா கனம், முகத்தை மறைச்சிடும். மழை வேற. எதிர்ல வர்றது தெரியல, பக்கத்துல வர்றது கேக்கல. சாலைக்கு நடுவில போனப்ப பெரிசா ஒரு கிறீச், அப்புறம் தகரத்துல தகரம் மோதுற சத்தம். எனக்கு ஒண்ணும் ஆகல. துணி நழுவிக் கீழ விழுந்துச்சு. பார்த்தா, எனக்கு ஒரு கைத்தூரத்துல ஒரு லாண்டரி வேன் நிக்குது, முன்பக்கம் நல்லா உள்ள போயிருக்கு. மோத அங்க எதுவுமே இல்ல. வேனுக்கும் எனக்கும் நடுவில வெறும் மழைதான் இருந்துச்சு.

வேன்காரர் இறங்கி ஓடி வந்தார். வெளிறிப்போயிருந்தார். "அந்தக் கார் எங்கம்மா?"

"எந்தக் கார்?"

"பச்சைக் கார்மா! குறுக்க வந்து நின்னுச்சே! இல்லாட்டி உங்க மேல ஏத்தியிருப்பேனே! அதுலதான் போய் இடிச்சேன்!" என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். "ஒரு அம்மா ஓட்டினாங்க. கண்ணாடிய இறக்கி என்னைப் பிடிபிடின்னு பிடிச்சாங்க."

"என்னன்னு?"

"'கண்ணு என்ன பிடறியிலயா இருக்கு? வண்டிதானே ஓட்டுறே, கட்டிலா ஓட்டுறே?'ன்னு."

சார், இந்த உலகத்துல இந்த வார்த்தையைச் சொல்ற ஆள் ஒருத்திதான். நான் அங்கேயே சாலை ஓரத்துல உட்கார்ந்துட்டேன். அந்த மனுஷன் வேனுக்குள்ள இருந்து துவைச்ச துண்டு ஒண்ணு எடுத்து எங்கிட்ட கொடுத்தார். தலையைத் துவட்டிக்கச் சொன்னார். "அப்புறம் உங்க பக்கம் திரும்பி என்னவோ சொன்னாங்கம்மா" என்றார்.

"எங்கிட்டயா? என்ன சொன்னா?"

"'ஏறு'ன்னாங்க."

எனக்கு ஒண்ணும் கேக்கல சார். சத்தியமா கேக்கல. கேட்டிருந்தா ஏறியிருப்பேனோ என்னவோ. வழக்கம் அப்படி. அவ ஏறுன்னா நான் முணுமுணுத்துக்கிட்டே ஏறிடுவேன், எங்க போறோம்னு கேக்கவே மாட்டேன். அன்னிக்கு எங்க போயிருப்போம்னு இப்பவும் நினைச்சுப் பாக்கறேன். என்னைக் காப்பாத்த வந்தாளா, கூட்டிக்கிட்டுப் போக வந்தாளா? அவளைக் கேட்டா, "ரெண்டும் ஒரே வேலைதானடி, ஒரு நடையில முடிஞ்சிடும்"னு சொல்லக்கூடியவதான்.

மீண்டும் முறையாக எழுதுகிறேன், மன்னிக்கவும். அந்த வேன்காரர் நேர்மையானவர். தன் வண்டியின் முன்பக்கத்தில் ஒட்டியிருந்த பாசி நிறப் பெயின்ட்டைப் படம் எடுத்து, தன் காப்பீட்டு நிறுவனத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டார். அவர்கள் தங்களுக்கு எழுதினார்கள். தாங்கள் என் அக்காவுக்கு எழுதியிருக்கிறீர்கள். விபத்து நடந்தபோது தாங்கள் செல்போனில் பேசிக்கொண்டிருந்தீர்களா, கண்பார்வை எப்படி, மது அருந்தியிருந்தீர்களா, தங்கள் உடலுக்கு ஏதேனும் சேதம் உண்டா, ஏழு நாட்களுக்குள் நேரில் வந்து வாக்குமூலம் தரவும் என்று. அவள் உடலுக்கு ஏற்பட்ட சேதத்தை நான் ஏற்கெனவே இறப்புச் சான்றிதழாக அனுப்பியிருக்கிறேன். நேரில் வரச் சொல்லி அவளைத் தாங்கள் அழைப்பது தங்கள் அலுவலகத்துக்கு நல்லதா என்று ஒருமுறைக்கு இருமுறை யோசித்துக்கொள்ளவும். அவள் கூப்பிட்ட இடத்துக்கு நேரத்துக்கு முன்னாலேயே போய் நிற்கிறவள்.

ஆகவே ஐயா, என் வழக்கு இதுதான். அந்தக் கார் இல்லை என்றால் வாக்குக் கொடுத்தபடி என் பணத்தைத் தந்துவிடுங்கள். இருக்கிறது என்றால் காரைக் கொண்டுவந்து என் வாசலில் என் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிறுத்துங்கள், நான் பணம் கேட்கவில்லை. பணமும் இல்லை, காரும் இல்லை, நூற்றுக்கு நூறு மட்டும் உண்டு என்றால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. கணக்கு முடிந்தது என்று எழுதி, முத்திரை குத்தி அனுப்புங்கள். நான் தனியாகச் சாலையைக் கடக்கப் பழகிக்கொள்கிறேன். பஸ் மாறவும் தெரிந்துகொண்டேன். இனி எனக்கு யாரும் பின்னால் வர வேண்டிய அவசியம் இல்லை.

தங்கள் நிறுவனம் மேன்மேலும் தழைக்கட்டும். தங்கள் குழந்தை குட்டிகள் பள்ளம் மேடு தட்டாமல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரட்டும். தேன்குரலுக்கு என் அன்பையும், ஆய்வாளர் தம்பிக்கு உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதாகவும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
பாலிசிதாரரின் தங்கை

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையும் ரத்து. தயவுசெய்து ஒரு வரியையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். கடிதத்தை ஒட்டி முடித்த கையோடு தேன்குரல் போன் செய்தாள். "அம்மா, நல்ல சேதி! மேனேஜர் உங்க கேஸை மூடச் சொல்லிட்டார். உங்க தெருவுக்கு வர எந்த ஆய்வாளரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்களாம். இப்பத்தான் பாலிசியை ரத்து பண்ணினேன். புள்ளி நின்னுடுச்சும்மா. பணம் நாளைக்கு வந்துடும்." சரிம்மா, ரொம்ப சந்தோஷம்னு சொல்லிப் போனை வச்சேன். பணம் கைக்கு வர்ற வரைக்கும் எதுக்கும் இருக்கட்டும்னு இந்தக் கடிதத்தையும் போட்டுடலாம்னு தபால் பெட்டிக்கு நடந்தேன். பாதித் தெரு போறதுக்குள்ள கால் நின்னுடுச்சு. பின்னால ஒண்ணும் இல்ல சார். இதுக்கு முந்தியும் திரும்பிப் பார்த்தா ஒண்ணும் இல்லாமத்தான் இருந்துச்சு, ஆனா இது வேற மாதிரி. திரையைக் கழட்டிட்ட ஜன்னல் மாதிரி, முதுகு பூரா வெறிச்சுனு ஆயிடுச்சு. ஒரு சைக்கிள் மணி அடிச்சதுக்கு அப்படியே தூக்கிவாரிப்போட்டு, சுவரைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன், ஒட்டின கடிதத்தைப் பிரிச்சு இதை எழுதறேன்.

உங்களுக்கு அவளைத் தெரியாது. காப்பீடு இல்லாத வண்டியை அவ ஒரு அடி நகர்த்த மாட்டா. ஒரு தடவை புதுப்பிக்க ஒரு நாள் பிந்திப்போச்சுன்னு, எனக்கு நூத்திரெண்டு டிகிரி காய்ச்சல் அடிச்சப்பக்கூட வண்டிய எடுக்காம ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிச்சுக்கிட்டு வந்தவ, "சட்டம்னா சட்டம்"னு சொல்லி. நீங்க ரத்து பண்ணின நிமிஷமே சாவியைத் திருப்பி அணைச்சிருப்பா. புள்ளி எங்க நின்னுச்சுன்னு தேன்குரலைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன். எங்க வாசல்லயாம். அங்கதான் அணைச்ச காருக்குள்ள உட்கார்ந்திருக்கா. இறங்கி உள்ள வர வழி இருக்கோ இல்லையோ, எனக்குத் தெரியல. அதனால மீதிப் பணத்தை அனுப்ப வேண்டாம், அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து நானே கட்டறேன், வேன் செலவையும் எங்கிட்டயே கேளுங்க. ஏறச் சொன்னா ஏறுவேனான்னு இன்னும் முடிவு பண்ணல, அது எங்க ரெண்டு பேருக்குள்ள. நீங்க பாலிசியை மட்டும் பழையபடி போட்டுடுங்க. இன்னிக்கே, இப்பவே. மழை விட்டுடுச்சு சார், வாசல்ல வெயில் ஏறிக்கிட்டே இருக்கு.